கூடை என் கையில் இருந்தது

2023 அக்டோபர் 26, வியாழக்கிழமை. எழுந்தது 4.50. வெந்நீர் போட்டுக் குளித்து, முந்தின நாள் குறிப்பை எழுதி முடித்து, 6.15க்கு இரண்டு தோசை. வெளியே மூடுபனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. 6.40க்குக் கருவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு மூடியில் வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிரவில்லை. 7.20க்குக் கொடைக்கானலிலிருந்து பைக்கை எடுத்தேன். பூம்பாறை தாண்டும்வரை முகப்பு விளக்கை அணைக்க முடியவில்லை. ஒரு வளைவில் காட்டுமாடு ஒன்று சாலையை விட்டு நகர ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. மேல்மலைக் கிராமமான பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தது 9.15.

என் நாட்குறிப்பில் ஒரு நாளுக்கு அரைப் பக்கம்தான் கணக்கு. இந்தத் தேதிக்கு மட்டும் மூன்று பக்கம் இருக்கிறது. நம் கேமராக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் அந்த மூன்று பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஐம்பத்து மூன்று வயதில், வலது முழங்கால் போட்ட உத்தரவின்படி, நான் ஏணி ஏறுவதை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன். கேமராவை எப்படி மாட்டுவது, ஒயரை எப்படி இழுப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. அது பெட்டிக்குள் வரும் தாளிலேயே இருக்கிறது. தாளில் இல்லாத ஒன்று உண்டு. அதை நான் பூண்டியில்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் அந்த வீட்டைச் சொல்கிறேன். சித்ரா, தங்கராசு என்று ஒரு தம்பதி. இருவருக்கும் முப்பதைத் தாண்டிய வயது. கொஞ்சம் பூண்டு வயல். பிள்ளைகள் கீழே வத்தலக்குண்டில் சித்ராவின் அண்ணன் வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். தங்கராசுவுக்கு அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்து வலிப்பு. மூன்று மாதத்தில் இரண்டு தடவை விழுந்திருந்தார். இரண்டாவது தடவை அடுப்புக்கு ஒரு சாண் தள்ளி. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நாளைக்குத் தனியாக விட வேண்டாம், வயலுக்கும் அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

பூண்டு நடவு வாரத்தில் மேல்மலையில் வீட்டில் சும்மா இருக்கும் ஆள் என்று யாரும் கிடையாது. நடவுக்கு வரும் பெண்கள் ஒரு செட்டாக வருவார்கள். ஒரு வயலுக்கு நான்கு நாள் என்று பேசிவைத்தால் அந்த நான்கு நாள்தான். விட்டால் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள், அந்தப் போகம் போனது போனதுதான். வீட்டில் கணவரையும் பார்க்க வேண்டும், வயலில் முன்னால் நின்று நடவையும் நடத்த வேண்டும். அதற்குத்தான் சித்ரா கேமரா கேட்டு நம் கடைக்கு வந்தார்.

அக்டோபர் 19 அன்று போய் மாட்டிக் கொடுத்தேன். முன்னறையில் சுவரின் உச்சியில், தங்கராசு உட்காரும் நாற்காலி முழுதும் தெரியும்படி. சித்ராவின் போனில் ஆப்பைப் போட்டு, அறையில் நின்று பார்த்தோம், வந்தது. அடுப்படியில் நின்று பார்த்தோம், வந்தது. வாசலுக்குப் போய்ப் பார்த்தோம், அங்கேயும் வந்தது. பிறகு என் போனிலிருந்து அந்தக் கேமராவை நீக்கினேன். வாடிக்கையாளர் வீட்டுப் படம் என் போனில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்பது என் விதி. கிளம்பும்போது சித்ராவிடம் சொன்னேன்: “ஆப்பைத் திறங்க, படம் தெரியும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் தொட வேண்டாம்.”

அன்றைய குறிப்பில் ‘மூன்று இடத்தில் சோதித்தேன், நிறைவு’ என்று எழுதியிருக்கிறேன். மூன்று இடமும் வீட்டு வைஃபைக்குள்தான் என்பது அதை எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. வாசலில் நின்றால் வெளியே வந்துவிட்டதாக நம் கால் நினைக்கிறது. போன் அப்படி நினைப்பதில்லை.

இப்போது நம் கடையில் போன் எடுக்கும் அக்காவைப் பற்றி. அவர் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனாலும் கடை முதலாளி உட்பட எல்லாருக்கும் அக்கா. அவர் வாழ்க்கையில் ஒரு ஸ்க்ரூவைக்கூட முடுக்கியதில்லை. ஆனால் யார் எந்தக் குறையைச் சொல்ல அழைத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இப்ப எங்க நிக்கிறீங்க?” அடுத்தது, “யார் போன்லேர்ந்து பேசுறீங்க?” இரண்டுக்கும் வரும் பதிலை நோட்டில் எழுதுவார். நாங்கள் கேலி செய்வோம்.

“என்னக்கா, கேமரா ரிப்பேர்னு சொன்னா, பஸ் ஸ்டாப் எங்கனு கேக்குறீங்க?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“நீங்க ஏணில ஏறி ஒயர் பாருங்க. நான் இறங்கி நின்னு மனுஷனைப் பாக்குறேன்” என்றார்.

ஒரு தடவை சென்னைக்காரர் ஒருவர், தன் கொடைக்கானல் பங்களாவின் நான்கு கேமராவும் செத்துவிட்டதாகச் சத்தம் போட்டார். நான் ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அக்கா அவரிடம் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். “லிஃப்ட்ல” என்றார் அவர். “வெளிய வாங்க சார்” என்றார் அக்கா. நான்கு கேமராவும் உயிர்த்துவிட்டன. நான் ஏணியை அவிழ்த்தேன். அன்றும் எனக்குப் புத்தி வரவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

25ஆம் தேதி, புதன்கிழமை மதியம் சித்ரா கடைக்குப் பேசினார். நடவு ஆரம்பித்து முதல் நாள். அக்கா நோட்டைப் பார்த்து எனக்கு வாசித்தார்: “பூண்டி சித்ரா. வயல்ல படம் சின்னதாத் தெரியுதாம், தொட்டா பெருசா வரலையாம். சும்மா சுத்திக்கிட்டே இருக்காம்.”

“சின்னதாத் தெரியுதுல்ல? அப்ப கேமரா நல்லாத்தான் இருக்கு. டேட்டா ஸ்லோவா இருக்கும். நாளைக்குப் போய்ப் பாத்துக்குறேன்” என்றேன்.

“அந்தப் பொண்ணு குரல் ஸ்லோவா இல்ல. இன்னிக்கே பேசுங்க” என்றார் அக்கா. நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்து வேலையில் இருந்தேன். பேசவில்லை.

26ஆம் தேதிக்கு வருகிறேன்.

9.15க்குக் கதவைத் தட்டியபோது தங்கராசுதான் திறந்தார். சித்ரா எட்டு மணிக்கே வயலுக்குப் போயிருந்தார். தங்கராசு நாற்காலியில் உட்கார்ந்து, விதைப் பூண்டை உடைத்துப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இருந்த இடத்திலிருந்தே நடவுக்குச் செய்யக்கூடிய வேலை அதுதான். அதை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாராம். பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை, முக்கால்வாசி நிறைந்து இருந்தது. ஒரு கைப்பிடி உடைந்து, சிவப்பு ஒயரால் கட்டியிருந்தார்கள்.

“வாங்க சார். உங்க கண்ணு அங்கன உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டுக் கெடக்கு. கல்யாணத்தன்னைக்குக் கூட இவ என்னைய இம்புட்டு நேரம் பாத்ததில்ல” என்றார்.

நான் ரூட்டரைப் பார்த்தேன். கேமராவைப் பார்த்தேன். இரண்டிலும் பச்சை விளக்கு. இருபது நிமிடம் செலவழித்தேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறை இருக்கும் இடம் வயல் என்றால் வயலுக்குத்தான் போக வேண்டும் என்று அப்போதுதான் கிளம்பினேன்.

“போறதுதான் போறீங்க, இந்தக் கூடையையும் கொண்டுபோய்க் குடுத்துருங்க. விதை பத்தலன்னு கத்திக்கிட்டு இருப்பா” என்று மேலும் இரண்டு கை பல்லை அள்ளிப் போட்டுக் கூடையை நிறைத்துக் கொடுத்தார். அடுத்த மூட்டையைப் பிரிக்கக் குனிந்தார். 9.45.

ஊரைத் தாண்டி ஒரு மேடு. மேட்டைக் கடந்து சரிவில் இறங்கினால் படிப்படியாக வயல்கள். வெறுங்கையோடு போனால் இருபது நிமிடம், கூடையோடு எனக்கு முப்பத்தைந்து. நடவுப் பெண்கள் எட்டுப் பேர் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு வயதான அம்மாள், “ஏ சித்ரா, கேமராக்காரரு வெதை சொமந்து வாராருடி. கூலியைச் சேத்துப் பேசிரு!” என்றார். எல்லாரும் நிமிர்ந்து சிரித்தார்கள்.

சித்ரா மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். முகத்தில் கவலை இல்லை.

“நேத்து ஒரு வேகத்துல கடைக்குப் பேசிட்டேண்ணே. பெருசா வரலைன்னாலும் பரவால்ல. சின்னதாத் தெரியுது, அது போதும் எனக்கு. ஆளு இருக்காரான்னு தெரிஞ்சாச் சரி. இந்தா பாருங்க, உக்காந்துதான் இருக்காரு.”

போனைக் காட்டினார். ஆப்பின் முதல் பக்கத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம். நாற்காலியில் தங்கராசு. தலை குனிந்திருக்கிறார். பக்கத்தில் நீலக் கூடை. சிவப்பு ஒயர் கட்டிய கைப்பிடி.

அந்தக் கூடை என் இடுப்பில் இருந்தது.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். முதல் பக்கத்தில் தெரிவது கேமரா அந்த நேரத்தில் பார்க்கும் காட்சி அல்ல. கடைசியாக இணைப்பு கிடைத்தபோது ஆப் எடுத்துவைத்துக்கொண்ட நிழற்படம். அதில் தேதியும் இல்லை, மணியும் இல்லை. தொட்டுத் திறந்து ஓடினால்தான் நேரடிக் காட்சி. வீட்டுக்குள் நின்று பார்த்தபோது இரண்டும் ஒரே நொடியில் வந்ததால், அவை இரண்டு என்றே நான் சித்ராவுக்குச் சொல்லவில்லை. ‘திறங்க, படம் தெரியும், வேற ஒண்ணும் தொட வேண்டாம்.’ என் வாக்கை அந்தப் பெண் அப்படியே நம்பியிருந்தார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை திறந்து பார்ப்பாராம். அந்தப் படத்தைத்தான் அன்று காலையிலிருந்து வயலில் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாளும் அப்படித்தான். எட்டு மணிப் படத்தை மதியம் வீட்டுக்கு வரும்வரை பார்த்துவிட்டு, ‘நல்ல வேளை, உக்காந்துதான் இருக்காரு’ என்று நட்டிருக்கிறார்.

“சித்ரா, இது இப்ப எடுத்த படம் இல்லம்மா” என்றேன். கூடையைக் கீழே வைத்தேன். “இந்தக் கூடையைப் பாருங்க.”

அவர் படத்தைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். வேறு எதுவும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்ப இப்ப அவரு?”

படத்தைத் தொட்டேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சித்ரா போனை என் கையில் திணித்தார். “நீங்க இதைப் பாருங்க, நான் போறேன்” என்றபடி மேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். அப்போது மணி 10.22.

தம்பிகளே, தங்கையே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். கோளாறான கருவி ஒன்று கையில் வந்ததும் நம் விரல் தானாக செட்டிங்ஸுக்குப் போகும். எனக்கும் போனது. ஐந்து நிமிடம் கொடுத்தால் சரி செய்துவிடுவேன் என்று ஒரு குரல். நல்ல தொழில்காரனின் குரல்தான் அது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் என்னுடையது அல்ல. அடுப்படிக்குப் பக்கத்து அறையில் இருந்த ஒரு மனிதருடையது. படம் சந்தேகமாக இருந்தால் படத்தைச் சரி செய்யாதே, ஆளை அனுப்பு. சித்ராவின் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அன்று முற்பகலில் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான்.

வயலின் மேல் ஓரத்தில் ஒரு பாறை உண்டு. யாருக்குப் பேச வேண்டும் என்றாலும் அதன் மேல் ஏறித்தான் பேசுவார்கள். ‘டவர் பாறை’ என்றே பெயர். மூச்சிரைக்க ஏறித் தங்கராசு எண்ணுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் இல்லை.

கீழே இருந்த பெண்களைப் பார்த்து, “அவங்க வீட்டுக்குப் பக்கத்துல யாரு நம்பராவது இருக்கா?” என்று கத்தினேன். ஒருவரிடமும் இல்லை. அந்த அம்மாள், “பக்கத்து வீட்டுக்கு எதுக்குய்யா நம்பரு? கூப்புட்டாக் கேக்கப் போகுது” என்றார். உண்மைதான். வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவர்களின் எண்ணை யார் எழுதி வைப்பார்கள்?

பாறை மேல் நின்று நான் அக்காவை அழைத்தேன். இது புத்திசாலித்தனத்தால் செய்தது என்று சொல்ல மாட்டேன். குறிப்பில் நேர்மையாக எழுதியிருக்கிறேன்: ‘வேறு யாரை அழைப்பதென்று தெரியாததால்.’

“எங்க நிக்கிறீங்க?” என்றார் அக்கா.

“வயல்ல, பாறை மேல. அக்கா, தங்கராசு போன் எடுக்கல. சித்ரா ஓடிக்கிட்டு இருக்காங்க. வீட்டுப் பக்கத்துல…”

“இருங்க.” தாள் புரளும் சத்தம் கேட்டது. “நேத்து அந்தப் பொண்ணு பேசினது அவங்க போன்லேர்ந்து இல்ல. அது சார்ஜ் இல்லைனு எதிர்த்த டீக்கடைக்காரர் போன்லேர்ந்து பேசினாங்க. நம்பர் எழுதியிருக்கேன். சொல்றேன், எழுதிக்கோங்க.”

பேனா எப்போதும் என் பையில் இருக்கும். தாள் இல்லை. இடது உள்ளங்கையில் எழுதினேன். பத்து இலக்கம். திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். “ரைட்டு, கட் பண்ணுங்க” என்றார்.

10.31க்கு டீக்கடை. பாட்டுச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்: “ஆரு?”

“கேமரா மாட்டுனவன் பேசுறேன். எதிர்த்த வீட்டுத் தங்கராசு… வெரசா போய்க் கொஞ்சம் பாருங்க. போனை எடுக்க மாட்டேங்குறாரு.”

“தங்கராசா?” பாட்டு நின்றது. “அவன் எப்பிடி எடுப்பான்? இந்தா என் பெஞ்சுல உக்காந்து ரெண்டாவது வடைக்குச் சட்டினி கேட்டுக்கிட்டு இருக்கான். ஏலே, ஒன்னையத்தான் கேக்குறாக!”

பின்னாலிருந்து தங்கராசுவின் குரல்: “விதை பத்தலையாமா?”

பாறை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் சித்ரா ஓடிக்கொண்டிருந்தார். அவர் போன் என் பையில். இந்தச் செய்தி அவருக்கு எப்படிப் போகும்? கீழே பார்த்து, “டீக்கடையில இருக்காரு! நல்லா இருக்காரு!” என்று கத்தினேன். அந்த அம்மாள் இரண்டு கையையும் வாயருகே குவித்து மேல் வயலைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். மேல் வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் அதை வாங்கி அதற்கு மேலே கொடுத்தார். “சித்ராஆஆ… ஒம் புருசன்… டீக்கடையில…” மூன்றாவது குரல் மேட்டின் அருகே எங்கோ கேட்டது. பனிக்குள் சின்னதாகத் தெரிந்த மஞ்சள் சேலை நின்றது. திரும்பியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தது.

நான் கடைக்கு வந்த இருபது வருடத்தில் அத்தனை வேகமாகச் செய்தி போனதை நான் பார்த்ததில்லை.

11 மணி சுமாருக்கு நானும் சித்ராவும் வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கராசு நாற்காலிக்குத் திரும்பியிருந்தார். முன்னால் பூண்டு. போன் மூலையில் சார்ஜில் கிடந்தது. சித்ரா கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு ஆரம்பித்தார்.

“ஒருத்தி உசிரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியாரா, உனக்கு வடை கேக்குதோ? சொல்லிட்டுப் போக மாட்டியா?”

“சொல்லிட்டுத்தான போனேன்.”

“ஆருகிட்ட?”

தங்கராசு சுவரின் உச்சியைக் காட்டினார். “அதுகிட்ட. சத்தமும் கேக்கும்னு சார்தான் சொன்னாரு. நேரா முன்னால போய் நின்னு, ‘ஏ புள்ள, டீ குடிச்சிட்டு வாரேன், பத்து நிமிசம்’னு சொன்னேன். கேக்குதோ என்னமோன்னு டம்ளரையும் தூக்கிக் காட்டுனேன்.”

சித்ரா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. என்னால் சுவரைப் பார்க்க முடியவில்லை. ஒருவர் கேமராவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், ஒருவர் போனைப் பார்த்து நம்பியிருக்கிறார். நடுவில் ஒன்றுமே போகவில்லை. அந்த வெற்றிடத்துக்குத்தான் நான் ‘நிறைவு’ என்று எழுதியிருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லையே, பிறகு என்ன என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். அதற்குள் சித்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டு தெளிவாகப் பேசினார்.

“அண்ணே, கோவத்துல சொல்லல. இந்த டப்பாவ நம்பி இனிமே நான் வயலுக்குப் போக முடியாது. ஆளுகளை நாளையில இருந்து வேற வயலுக்குப் போகச் சொல்லிர்றேன். இந்தப் போகம் கெடக்கட்டும். இவரு இருந்தாப் போதும்.”

தங்கராசு கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார். அதுவரை கேலியாக இருந்த முகம் மாறியது. “என்னால ஒரு போகம் போச்சுன்னு ஊர்ல பேச வச்சிராத புள்ள” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

“சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க” என்றேன். “சரியாகலைன்னா நானே கழட்டிக்கிட்டுப் போயிர்றேன். ஆளுகளை மட்டும் இப்ப நிறுத்திராதீங்க.”

அதன் பிறகு செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் தங்கராசுவுக்குத் துணையாக டீக்கடைக்காரரை வரச் சொல்லி உட்கார வைத்துவிட்டு, வீட்டில் ஒன்றையும் தொடாமல், சித்ராவோடு மறுபடி வயலுக்கு இறங்கினேன். அவர் எங்கே நிற்பாரோ அங்கே நின்றேன். அவர் போனில் டேட்டா சேவர், அதாவது டேட்டா செலவாகாமல் ஆப்புகளை அடைத்துவைக்கும் வசதி, போட்டிருந்தது. ரீல்ஸ் பார்த்து டேட்டா தீர்கிறது என்று போன் கடையில் யாரோ போட்டுக் கொடுத்தது. அதனால் வைஃபையை விட்டு வெளியே வந்ததும் ஆப்புக்கு வழி அடைபட்டிருந்தது. சேவரை அணைத்தேன். அப்போதும் வட்டம் சுற்றியது. போனில் இருந்த இரண்டு சிம்மில், ஊருக்குள் சிக்னல் எடுக்கும் சிம்மில் டேட்டா ஓடியது. பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறச் செல்போன் கோபுரத்தைப் பிடிப்பது மற்றதுதான். மாற்றினேன். படத்தின் தரத்தைக் குறைத்தேன். 1.48க்குத் தங்கராசு ஓடினார். ஓடினார் என்றால், திரையில் அவர் கை அசைந்தது.

எல்லா வரப்பிலும் நடந்து பார்த்தேன். டவர் பாறையில் நன்றாக வந்தது. மேல் நான்கு வயலில் விட்டு விட்டு வந்தது. கீழ் மூன்றிலும் சுத்தமாக இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நல்ல பெயரோடு கிளம்பலாம். சொன்னேன்.

“கீழ மூணுல நின்னா வராதும்மா. என்ன செஞ்சாலும் வராது. அங்க நின்னு படம் தெரிஞ்சா நம்பாதீங்க.”

சித்ரா கொஞ்சம் யோசித்தார். “அப்பக் கீழ மூணையும் அந்தப் பெரியாத்தா பாத்துக்கிடட்டும். நான் மேல நிக்கிறேன். அரை மணிக்கு ஒருக்கா பாறைக்குப் போயிட்டு வாரேன்.” அவரே வேலையைப் பிரித்தார். நடவு நிற்கவில்லை.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. ஓடுகிற படத்துக்கும் உறைந்த படத்துக்கும் எப்படி வித்தியாசம் தெரியும்? தங்கராசு பூண்டு உரிக்கும்போது கை அசையும். தூங்கினால்? தலை குனிந்து உட்கார்ந்திருந்தால்? நேரடிக் காட்சியில் திரையின் மூலையில் மணி காட்டும் எண்கள் ஓடுமே என்றேன். சித்ரா, “வெயில்ல எனக்கு அந்தப் பொடி எழுத்துத் தெரியாதுண்ணே” என்றார். வீட்டுக்கு வந்ததும் அவரே அடுப்படிச் சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தைக் கழற்றினார். நொடி முள் சிவப்பாக, தடியாக இருந்தது. நாற்காலிக்குப் பின்னால், கேமராவுக்கு நேராக மாட்டச் சொன்னார். நான் ஆணி அடித்தேன்.

“முள்ளு ஓடுனா நெசம். நின்னா பொய்” என்றார்.

பத்துப் பதினைந்து வருடம் கேமரா மாட்டியவனுக்குத் தோன்றாத சோதனை அது. அதன் பிறகு நான் மாட்டிய ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்டது, ‘நொடி முள் உள்ள கடிகாரம் இருக்கிறதா?’ என்பதுதான். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். டீக்கடைக்காரர் எண் சித்ராவின் போனிலும், சித்ராவின் எண் டீக்கடைச் சுவரில் கரியாலும் எழுதப்பட்டது. வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் வீட்டின் எண்ணைத்தான் முதலில் வாங்க வேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் அது யாரிடமும் இருக்காது.

கிளம்பும்போது தங்கராசு வாசல்வரை வந்தார். “சார், இனிமே டீ குடிக்கப் போறதுன்னா?”

“போன்ல சொல்லிட்டுப் போங்க.”

“கேமராகிட்ட?”

“கேமராகிட்டயும் சொல்லுங்க. அதுக்கும் மரியாதை வேணும்ல?”

மலைப்பாதையில் திரும்பும்போது பனி விலகியிருந்தது. மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை என்பதே பூம்பாறையில்தான் நினைவுக்கு வந்தது. அங்கே டீயும் நான்கு பஜ்ஜியும். அவ்வளவு ருசியான பஜ்ஜியை நான் அதற்கு முன்பும் பின்பும் சாப்பிட்டதில்லை. நடவு பேசிய நான்காம் நாளில் முடிந்தது. தங்கராசு தை மாதத்தில் ஒருமுறை விழுந்தார். பகல் பதினொன்றரைக்கு. சித்ரா பாறையிலிருந்து பார்த்து டீக்கடைக்கு அடித்தார். கடைக்காரர் ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார். நெற்றியில் ஒரு சிராய்ப்போடு போனது. பூண்டு எடுத்ததும் ஒரு பை கடைக்கு வந்தது. எனக்கு என்று நினைத்துக் கை நீட்டினேன். “அக்காவுக்கு” என்றார் சித்ரா.

26ஆம் தேதிக் குறிப்பின் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்த ஆண்டு நான் கேமரா மாட்டி, வீட்டுக்குள் நின்றே சோதித்து, ‘நிறைவு’ என்று எழுதிய வீடுகள். முப்பத்தொன்று. எல்லாவற்றுக்கும் எதிரே ‘நிறைவு’ என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தேன். அடித்து முடித்ததும் நன்றாகத் தூக்கம் வந்தது.

27ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. எழுந்தது 4.50. கடை திறப்பது ஒன்பதுக்கு, 8.40க்கே போய் அக்காவின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். பட்டியலைப் பிரித்து முதல் எண்ணை அடித்தேன். கூக்காலில் ஒரு வீடு. தோட்டத்தில் இருக்கும் அம்மாவை மகன் பார்ப்பதற்காக மாட்டியது. மூன்றாவது மணியில் மகன் எடுத்தார். வணக்கம் சொன்னேன். கேமரா எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அக்கா காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்:

“இப்ப எங்க நிக்கிறீங்க?”